கிரேயான் பெட்டி முதல் ரோசா பார்க்ஸ் பஸ் வரை: சின்னப் பிள்ளைகளுக்குச் சிவில் உரிமை சொல்லித்தர எது தேறும்?

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். அடுத்து பிப்ரவரி முழுக்கக் கறுப்பின வரலாற்று மாதம். இந்த இரண்டையும் ஒட்டி அமெரிக்கக் கடைகளிலும் நூலக மேசைகளிலும் நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான பொருட்கள் வந்து குவியும். படப்புத்தகம், வண்ணம் தீட்டும் தாள், பொம்மை, செய்முறைப் பெட்டி என்று எதை எடுத்தாலும் பெரும்பாலானவை சொல்லும் பாடம் ஒன்றுதான்: எல்லோரிடமும் அன்பாக இரு. நல்ல பாடம், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதற்குப் பெயர் சிவில் உரிமைப் பாடம், அதாவது சட்டத்தின் முன் சம உரிமை பற்றிய பாடம் அல்ல. 1955-இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினத் தையல்காரி கைதானார். அந்த பஸ் ஓட்டுநர் பண்பு தெரியாதவராக இருந்ததா பிரச்சினை? யார் எங்கே உட்காரவேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை நகரச் சட்டமே அவர் கையில் கொடுத்திருந்ததுதான் பிரச்சினை. அவர் தங்கமான மனிதராக இருந்திருந்தாலும் அந்த விதி அப்படியேதான் இருந்திருக்கும்.

அதனால் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். பொருளை மூடி வைத்த பிறகு குழந்தையிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்ன விதி இருந்தது? அதை யார் போட்டார்கள்? யாரெல்லாம் சேர்ந்து எப்படி மாற்றினார்கள்? மூன்றுக்கும் ஏதோ ஒரு பதில் வந்தால் காசு வீணில்லை. "ஒரு பாட்டி களைப்பா இருந்தாங்க, அதனால எழுந்திருக்கல" என்று மட்டும் வந்தால் வீண்.

முதலில் கிரேயான் பெட்டி. கிரயோலா நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த 'கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்'. 24 குச்சி, அத்தனையும் தோல் நிறம். ஒப்பனைப் பொருள் துறையில் நெடுங்காலம் ஃபவுண்டேஷன் நிறங்கள் கலந்துவந்த வேதியியலாளர் விக்டர் கசாலேயை வைத்து நிறங்களை உருவாக்கினார்கள். அந்த அனுபவம் பெட்டியில் தெரிகிறது. வெறுமனே வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஒரே கோட்டில் அடுக்காமல், ஆல்மண்ட், கோல்டன், ரோஸ் என்று மூன்று சாயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெளிர் நிறத்திலிருந்து ஆழ்ந்த நிறம் வரை படி வைத்திருக்கிறார்கள். ஒரே அளவு மாநிறமாக இருக்கும் இருவரில் ஒருவர் கையில் மஞ்சள் ஓடும், இன்னொருவர் கையில் செம்மை ஓடும். அந்த வித்தியாசத்தை இந்தப் பெட்டியால் காட்ட முடிகிறது. பழைய பெட்டிகளில் இருந்த ஒற்றைப் பழுப்பு நிறத்தால் அது முடியாது. விலை சில டாலர்தான்.

பயன்படுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு, உறையில் அது சரியாக விளக்கப்படவில்லை. மெழுகு கிரேயான் லேசாகத் தேய்த்தால் ஒரு நிறம், அழுத்தித் தேய்த்தால் வேறு நிறம். குச்சியின் வெளிப்பக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் ஏமாற்றம்தான். தடித்த வெள்ளைத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் கட்டைவிரல் அகலத்துக்கு அழுத்தித் தேய்த்து, அந்தத் திட்டின் நடுவில் பேப்பர் பஞ்ச்சால் ஒரு ஓட்டை போடுங்கள். தாளைக் குழந்தையின் முன்கை மேல்புறத்தில் வைத்தால் ஓட்டைக்குள் தோல் தெரியும், சுற்றிலும் கிரேயான் நிறம் தெரியும். எது பொருந்துகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். உள்ளங்கையில் வைக்கக் கூடாது, நம்மில் பெரும்பாலோருக்கு உள்ளங்கை பல படி வெளுப்பு. பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் செய்ய வேண்டும். மஞ்சள் பல்புக்கு அடியில் எல்லோரும் கோல்டன்தான். ஒரே குச்சி சரியாக வராவிட்டால் கோல்டனை முதலில் மெல்லத் தேய்த்து அதன்மேல் ஆல்மண்ட் போடலாம். இதே வரிசையில் மார்க்கரும் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்று கலக்காது, தாளும் நைந்துபோகும்.

இனி இந்தப் பெட்டி எங்கே தடுக்கும் என்று பார்ப்போம். பல குழந்தைகள் தங்கள் கைக்குப் பொருந்துவதைவிட இரண்டு படி வெளிர் நிறத்தை எடுப்பார்கள். இது புதிதல்ல. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி நிறத்தைத் தவிர மற்றெல்லாம் ஒன்றாக இருந்த பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப்பிரிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கில் அந்த ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது. எனவே குழந்தை வெளிர் குச்சியை எடுத்தால் "தப்பு, இது உன் நிறமில்லை" என்று பிடுங்காதீர்கள். "அப்பா கைக்கு எது? அம்மா கைக்கு எது?" என்று முதலில் மற்றவர்களைப் பொருத்தச் சொல்லுங்கள். அதில் கண் பழகிய பிறகு தன் கைக்கு அதுவே சரியாக வரும்.

இன்னொரு தடங்கல் நம் வாயிலேயே இருக்கிறது. "நல்ல கலர்", "நிறம் கம்மி", "வெயில்ல ஆடாதே, கறுத்துப் போயிடுவே" என்று நாள் முழுக்கக் காதில் விழும் வீட்டில் 24 குச்சி என்ன, 240 குச்சி இருந்தாலும் பயனில்லை. "வெயில்ல ஆடாதே, தோல் எரியும்" என்று சொன்னால் வேலை முடிந்தது.

பெட்டி மட்டும் தனியாக நம் மூன்று கேள்விகளில் தேறாது. அதில் விதி பற்றி எதுவுமில்லை, அழகான நிறங்கள்தான் இருக்கின்றன. ஆனால் அதே நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டால் நிலைமை மாறும். 1962 வரை கிரயோலா பெட்டியில் ஒரு வெளிர் இளஞ்சிவப்புக் குச்சிக்கு 'ஃபிளெஷ்', அதாவது தோல் நிறம் என்று பெயர். அந்த ஆண்டுதான் அதை 'பீச்' என்று மாற்றினார்கள். குழந்தையிடம் பீச் குச்சியைக் கொடுத்து, "முன்னாடி இதுக்குத் தோல் நிறம்னு பேரு. யாரோட தோல்?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் வைத்தவர் தன்னை மட்டும் நினைத்துக்கொண்டு வைத்தார் என்பதை ஆறு வயதுப் பிள்ளை அரை நிமிடத்தில் பிடித்துவிடும். யார் போட்டது, யார் மாற்றியது என்ற கேள்விகள் அங்கிருந்தே தொடங்கும்.

அடுத்து படப்புத்தகங்கள். தனித்தனிப் பெயர் சொல்வதைவிட, கடையில் கையில் எடுத்துப் புரட்டும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்வது உதவும். ஏனென்றால் குறைகள் எல்லாப் புத்தகத்திலும் ஒரே மாதிரிதான் வருகின்றன.

ரோசா பார்க்ஸ் பற்றிய புத்தகமானால் முதலில் படத்தைப் பாருங்கள். நரைத்த முடியோடு தள்ளாடும் பாட்டியாக வரைந்திருந்தால் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம். 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. கால் வலியால் எழுந்திருக்கவில்லை என்பதை அவரே பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். அடங்கிப் போவதில்தான் அலுப்பு என்றார். அவர் திடீரென்று முளைத்தவரும் அல்ல. கறுப்பினத்தவர் உரிமைக்காக இயங்கும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கோமரி கிளைக்கு 1943 முதல் செயலாளர். அதே 1955 கோடையில் டென்னசியில் உள்ள ஹைலேண்டர் பள்ளிக்குப் போய்ப் போராட்டப் பயிற்சி எடுத்தவர். 'களைத்த தையல்காரி' என்ற கதை ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது என்றால் அது சொல்ல எளிது, யாரையும் சங்கடப்படுத்தாது. ஆனால் அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அநியாயம் தற்செயலாகத் தீரும் என்றுதான் படும்.

இரண்டாவதாக, கூட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல புத்தகத்தில் கிளாடெட் கால்வின் வருவார். 15 வயது மாணவி, ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, அதே ஊரில் இருக்கையை விட மறுத்துக் கைதானவர். ஜோ ஆன் ராபின்சன் வருவார். ரோசா பார்க்ஸ் கைதான இரவே, பஸ் ஏறாதீர்கள் என்று கல்லூரியின் உருட்டச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கை அச்சடித்தவர். ஜார்ஜியா கில்மோர் வந்துவிட்டால் இன்னும் நல்லது. சமையல் வேலை செய்த பெண்களைச் சேர்த்து, சாப்பாடும் கேக்கும் 'பை' என்ற இனிப்பும் விற்று, பஸ்ஸைப் புறக்கணிக்கும் போராட்டத்துக்குப் பணம் திரட்டியவர். யாரிடமிருந்து வந்தது என்று முதலாளிகள் கேட்டால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்தவர் சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பேச்சு மேடையைவிட இந்த கேக் கதை ஐந்து வயதுக்குச் சட்டென்று பிடிபடும். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியிலும் அப்படித்தான். கிங் பேசியதை எல்லாப் புத்தகமும் போடுகிறது. வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர், அவர்களுக்காக நியூயார்க்கில் தன்னார்வலர்கள் கட்டிய சீஸ் சாண்ட்விச் மட்டும் 80,000, எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தவர் பேயார்ட் ரஸ்டின் என்பதைப் போடும் புத்தகங்கள் குறைவு. "80,000 சாண்ட்விச்சுக்கு எத்தனை பாக்கெட் ரொட்டி?" என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது கடைசிப் பக்கம். "1964-இல் சட்டம் வந்தது, அதன்பின் எல்லோரும் கைகோத்து வாழ்ந்தார்கள்" என்று முடிந்தால் அது தேவதைக் கதை முடிவு. சிவில் உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தானது. ஆனால் ஓட்டுரிமைக்கு 1965 ஆகஸ்ட் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967 வரை பல மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்தால் குற்றம். தேதியெல்லாம் குழந்தைக்கு வேண்டாம். "இன்னும் வேலை மிச்சமிருக்கு" என்ற ஒரு வரி கடைசியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரூபி பிரிட்ஜஸ் கதையில் தனி எச்சரிக்கை தேவை. 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நான்கு மத்திய அரசு மார்ஷல்கள் சூழ நடந்துபோன கறுப்பினச் சிறுமி. தன் வயதுப் பிள்ளை என்பதால் இந்தக் கதைதான் முதலில் ஒட்டிக்கொள்ளும். வாசலில் கத்திய கூட்டத்தைப் பார்த்து மார்டி கிரா திருவிழா என்று நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வகுப்பறை, ஒரே மாணவி, பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஒரே ஆசிரியை. ஆனால் இந்தக் கதையோடு பல பாடத்தாள்களிலும் சுவரொட்டிகளிலும் ஒட்டிவரும் படம் நார்மன் ராக்வெல் 1964-இல் வெளியிட்ட ஓவியம். அதில் சிறுமியின் பின்னால் சுவரில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் மிக மோசமான வசைச்சொல் எழுதியிருக்கும். பக்கத்தில் எறிந்து சிதறிய தக்காளி. வாசிக்கத் தொடங்கிய பிள்ளை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துவிடும், அடுத்த நாள் பள்ளியில் சொல்லியும் காட்டும். முன்கூட்டியே, "அது ஒருத்தரைக் காயப்படுத்தறதுக்குன்னே உண்டாக்கின வார்த்தை. நாம வாயால சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள். மறைத்து ஒட்டிய தாளைக் கிழித்துப் பார்க்காத குழந்தை இல்லை.

இந்தக் கதையின் இன்னொரு விளைவு பயம். "என்னையும் ஸ்கூல்ல அப்படிக் கத்துவாங்களா?" என்று படுக்கையில் கேள்வி வரும். அதனால் ரூபி கதையைத் தூங்கப்போகும் நேரத்துக்கு வைக்காதீர்கள். பகலில் வாசித்து, வாசித்து முடித்ததும் கையால் செய்யும் ஏதாவது வேலை கொடுங்கள். 1954-இல் பிறந்த ரூபி பிரிட்ஜஸ் வளர்ந்து, எழுதி, பள்ளிகளுக்குப் போய்ப் பேசிவருபவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பயம் போகும். இது தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் கதை இல்லை என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

தலைவர்கள் பெயரை அகர வரிசையில் அடுக்கும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரு முகம், ஒரு வரி. ஒரு வினைச்சொல் கூட மனதில் நிற்காது. பல நிறப் பொம்மைகள் நல்லவை, ஆனால் பாடப்பொருளாக அல்ல. விளையாட்டுப் பெட்டியில் எப்போதும் கிடந்தால் வேலை செய்யும், பிப்ரவரியில் மட்டும் எடுத்துக் காட்டினால் அது காட்சிப்பொருள்.

செய்முறைப் பெட்டிகளும் இணையத்தில் விற்கும் பாடத்தாள் தொகுப்புகளும் இந்தச் சந்தையின் மிகப் பலவீனமான பகுதி. அடிக்கடி வருவது முட்டை விளையாட்டு. ஒரு வெள்ளை முட்டை, ஒரு பழுப்பு முட்டை, இரண்டையும் உடைத்து "உள்ளே எல்லாம் ஒண்ணுதான்" என்று காட்டுவது. ஐந்து நிமிட வேலை, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதிலிருந்து குழந்தை எடுத்துக்கொள்ளும் பாடம் முட்டையோடு எப்படியிருந்தால் என்ன, நிறத்தைப் பார்க்காதே என்பது. யாராவது நிறத்தை வைத்து அநியாயம் செய்யும்போது அதை அநியாயம் என்று அடையாளம் காணும் பழக்கம் இதில் வராது, மழுங்கவும் கூடும். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிறத்தைக் கண்டுகொள்ளாதே என்ற செய்தியுள்ள கதையைக் கேட்ட பிள்ளைகள், அதன்பின் சொல்லப்பட்ட வெளிப்படையான பாகுபாட்டுச் சம்பவத்தையே குறைவாகத்தான் இனம்கண்டார்கள். முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆபத்தானது. ஐயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, கிங் கொல்லப்பட்டதை அடுத்து, 1968 ஏப்ரலில் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து ஒரு தரப்பைத் தாழ்த்தி நடத்திக் காட்டினார். அதன் நகல்கள் இன்றும் 'நீலச் சட்டை, பச்சைச் சட்டை', 'இந்தக் குழாயில் தண்ணீர் குடிக்காதே' என்ற வடிவங்களில் பாடத்தாள்களில் உலவுகின்றன. வீட்டிலோ வாரயிறுதி வகுப்பிலோ இதைச் செய்யாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடிப்புக்கும் நிஜத்துக்கும் இடையே கோடு மெல்லியது. தாழ்த்தப்பட்ட தரப்பில் இருந்த பிள்ளைக்கு அழுகையும், உயர்த்தப்பட்ட தரப்பில் இருந்த பிள்ளைக்கு அதிகாரத்தின் ருசியும்தான் மிஞ்சும். கறுப்பினப் பிள்ளை ஒன்று அந்த அறையில் இருந்தால், அது நிஜத்தில் அனுபவிப்பதையே விளையாட்டாக மறுபடி அனுபவிக்க வைக்கிறோம்.

இவற்றுக்கு மாற்றாகக் காசில்லாமலே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று பிளாஸ்திரி விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காயத்தைச் சொல்ல வேண்டும்: முழங்கால், நெற்றி, விரல். எல்லோருக்கும் முழங்கையிலேயே பிளாஸ்திரி ஒட்டுங்கள். "எனக்கு அங்க இல்ல!" என்று கூச்சல் வரும். "எல்லாருக்கும் ஒண்ணுதானே கொடுத்தேன், சமம்தானே?" என்று கேளுங்கள். ஒரே மாதிரி கொடுப்பதும் நியாயமாகக் கொடுப்பதும் வேறு என்பதைப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். தலைக்கு இரண்டு பிளாஸ்திரி வைத்திருங்கள், முடிவில் சரியான இடத்தில் ஒட்டாமல் விடமாட்டார்கள்.

இன்னொன்று புள்ளித் தாள். மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தது 381 நாட்கள். '381' என்ற எண் குழந்தைக்கு வெறும் சத்தம். ஒரு பெரிய தாளில் வரிசைக்கு 20 வீதம் 19 வரிசை புள்ளி வையுங்கள், 380 ஆகும். மிஞ்சும் ஒன்றை ஓரத்தில் வையுங்கள். நாளுக்கு ஐந்து புள்ளி வீதம் நிறம் தீட்டினால் இரண்டரை மாதம் ஓடும். மூன்றாம் வாரமே "இன்னும் முடியலையா?" என்று சலிப்பு வரும். அந்தச் சலிப்புதான் பாடம். மழையிலும் குளிரிலும் வேலைக்கு நடந்தவர்கள் ஒவ்வொரு நாளும் மறுநாளும் நடப்பதென்று முடிவெடுத்தார்கள் என்று அப்போது சொல்லுங்கள். தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினால் மறக்காது. ஒரே உட்காரலில் முடிக்க விட்டால் பயனே போய்விடும்.

இலவசப் பாடங்களில் 'லேர்னிங் ஃபார் ஜஸ்டிஸ்' குறிப்பிடத்தக்கது. மாண்ட்கோமரியில் இயங்கும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் 1991-இல் 'டீச்சிங் டாலரன்ஸ்' என்று தொடங்கி, 2021-இல் பெயர் மாற்றிய திட்டம். அடையாளம், பன்மை, நீதி, செயல் என்று நான்கு பிரிவாக, மழலை வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரைக்கான இலக்குகளைத் தனியாகவே பிரித்திருக்கிறார்கள். 'செயல்' என்ற பிரிவு இருப்பதுதான் இதன் பலம், கடையில் விற்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் அது இருக்காது. குறை என்னவென்றால் எல்லாம் இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பறைக்காக எழுதியது, ஆசிரியர் மொழி. வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு அப்படியே எடுத்தால் வறண்டுபோகும். குழு விவாதம் என்று இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் எடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பது எடுபடும்.

தமிழில் பேசும் வீடுகளில் சொற்கள் காலை வாரும். இதைச் சொல்லித்தரும் பொருள் எதுவும் சந்தையில் இல்லாததால் இங்கேயே சொல்லிவிடலாம். 'சிவில் ரைட்ஸ்' என்பதைக் 'குடியுரிமை' என்று பெயர்த்துவிடுகிறோம். அது பாஸ்போர்ட் சமாச்சாரம். மாண்ட்கோமரி பஸ்ஸில் பின்னால் உட்காரவைக்கப்பட்டவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், குடியுரிமை அவர்களிடம் இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் 'சம உரிமை' போதும். பெரியவர்களுக்குள் பேசும்போது 'சிவில் உரிமை' என்றே வைத்துக்கொள்ளலாம். 'நிறவெறி' என்ற சொல் தனிமனித வெறுப்பை மட்டும் காட்டும், சட்டத்தைக் காட்டாது. சட்டம் பிரித்து வைத்ததைச் சொல்ல 'இனப்பிரிப்பு' பொருந்தும். பழைய தமிழ்ப் பாடநூல்களில் பழகிய 'நீக்ரோ' வேண்டவே வேண்டாம். தாத்தா பாட்டி பேச்சில் வந்துவிட்டால் அங்கேயே "இப்போ கறுப்பினத்தவர்னு சொல்றோம் தாத்தா" என்று இயல்பாகத் திருத்திவிடுங்கள், பிள்ளையும் கேட்டுக்கொள்ளும்.

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று உண்டு: "அம்மா, நாம அந்த பஸ்ல எங்க உட்கார்ந்திருப்போம்?" எந்தப் பெட்டியிலும் எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை கிடைக்காது. நேர்மையான பதில், ஊரையும் எதிரில் நின்றவரையும் பொறுத்தது என்பதுதான். நம்மவர்களைப் பொறுத்தவரை விதி தெளிவாக இருக்கவில்லை. ஆனால் இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள், ஆகவே குடியுரிமை கிடையாது என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் தான் அந்தக் கதவு திறந்தது. அப்போதும் புதிதாகக் குடியேற இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்றுதான் ஒதுக்கீடு. நாட்டை வைத்துப் பிரிக்கும் அந்த ஒதுக்கீட்டை எடுத்தது 1965 குடியேற்றச் சட்டம். ஓட்டுரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டு, அதே போராட்டங்களின் வேகத்தில் வந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்படிச் சொன்னால் போதும்: "அவங்க நடந்ததால மாறின விதிகள்ல ஒண்ணுதான் நம்ம குடும்பம் இங்க வர்றதுக்கும் வழி விட்டது."

கடைசியாக இடங்கள். ஒரே இடம்தான் போக முடியும், பிள்ளைக்கு ஐந்து ஆறு வயது என்றால் மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். ரோசா பார்க்ஸ் ஏறிய அதே பஸ், எண் 2857, அங்கே நிற்கிறது. வயலில் சன்னல் இல்லாமல் துருப்பிடித்து, தட்டுமுட்டுச் சாமான் வைக்கும் கொட்டகையாகக் கிடந்ததை 2001 ஏலத்தில் 4,92,000 டாலருக்கு எடுத்துச் சீரமைத்தார்கள். கயிறு கட்டித் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. ஏறலாம், உட்காரலாம். அதனால்தான் இதற்கு முதலிடம்.

போவதற்கு முந்தைய நாள் வீட்டில் ஒரு தாளில் 36 கட்டம் போட்டு இருக்கை வரைபடம் செய்துகொள்ளுங்கள். முன்னால் 10 வெள்ளையருக்கு மட்டும், யாரும் ஏறாவிட்டாலும் காலியாகவே ஓட வேண்டும். பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் 16, அது ஓட்டுநர் இஷ்டம். ரோசா பார்க்ஸ் உட்கார்ந்தது நடுப்பகுதியின் முதல் வரிசையில், முன்பகுதியில் அல்ல. பல புத்தகங்கள் இதைத் தவறாகவே சொல்கின்றன. ஒரு வெள்ளையர் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒருவர் உட்கார, அந்த வரிசையின் நான்கு பேரும் எழுந்திருக்க வேண்டும். பொத்தானோ புளியங்கொட்டையோ வைத்து நகர்த்திக் காட்டினால், "ஒருத்தருக்கு எதுக்கு நாலு பேர்?" என்று குழந்தையே கேட்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் இருக்கையை அதுவே தேடிப்போய்க் காட்டும்.

இண்டியானாபொலிஸ் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் 2007 முதல் இருக்கும் பகுதி நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க், ரூபி பிரிட்ஜஸ், எய்ட்ஸ் நோயால் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட ரையன் வைட் ஆகியோர் கதைகளைச் சொல்கிறது. பின்னர் மலாலாவும் சேர்ந்தார். ரூபியின் வகுப்பறையை மறுபடி கட்டியிருக்கிறார்கள். நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் நான்கு கதையையும் ஒரே நாளில் பார்ப்பது சின்னப் பிள்ளைக்குத் தாங்காது. ரூபி அறையோடு நிறுத்திக்கொள்ளலாம். வாஷிங்டன் போகிறவர்கள் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் கிரீன்ஸ்பரோ வுல்வொர்த் கடையின் உணவு மேடைத் துண்டைப் பார்க்கலாம், அனுமதி இலவசம். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த அந்த மேடையில், 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து காபி கேட்டார்கள், கொடுக்கவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் முன்பே கதை சொல்லியிருக்காவிட்டால் குழந்தைக்கு அது நான்கு சுழல் நாற்காலி, அவ்வளவுதான்.

மெம்ஃபிஸ் தேசிய சிவில் உரிமை அருங்காட்சியகம், கிங் சுடப்பட்ட லொரெயின் மோட்டலிலேயே 1991-இல் திறக்கப்பட்டது. பெரியவர்களுக்கு மிகச் சிறந்த இடம், எட்டு வயதுக்குக் கீழ் வேண்டாம். அங்கும் ஒரு பஸ் உண்டு. ஏறினால் ஓட்டுநர் குரல் எழுந்திருக்கச் சொல்லி அதட்டும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளை அழுதுவிடும். பாதை கடைசியில் கிங் தங்கியிருந்த 306-ஆம் அறையில் போய் முடிகிறது. அடிமைமுறை பற்றிய மாண்ட்கோமரியின் லெகசி அருங்காட்சியகமும், கும்பல் கொலைகளில் பலியான கறுப்பினத்தவருக்கான நினைவிடமும் சின்னப் பிள்ளைகளுக்கானவையே அல்ல. அந்த ஊருக்குப் போனால் டிராய் பல்கலைக்கழகத்தின் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. காலத்தில் பின்னோக்கிப் போவதுபோல் அமைத்த பஸ் ஒன்றில் உட்காரவைத்து, ரோசாவுக்கு முந்தைய காலத்திலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். விதி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலில் நேராகப் பதில் சொல்லும் ஒரே இடம் அது. குழந்தைகள் பிரிவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பகுதியைப் பார்த்து முடித்துவிட்டு அங்கே போனால் பிள்ளைகள் பசியிலும் தூக்கத்திலும் இருப்பார்கள்.